இணையவழி வானூர்திப் பயணச்சீட்டு முன்பதிவு

இணையவழி வானூர்திப் பயணச்சீட்டு முன்பதிவு என்பது பயணி ஒருவர் தாமே இணையத்தின் ஊடாகக் கட்டணங்களைத் தேடி, ஒப்பிட்டு, இருக்கையைப் பதிவு செய்து பணம் செலுத்தும் முறையாகும். ஒரே வானூர்தியில் அடுத்தடுத்த இருக்கைகளில் அமர்ந்திருக்கும் இருவர் வெவ்வேறு கட்டணம் செலுத்தியிருப்பது இத்துறையில் இயல்பானது. மலிவான சீட்டைத் தேடுவோர் இந்த வேறுபாட்டின் காரணத்தை அறிந்திருத்தல் பயன் தரும்.

வரலாறு

அமெரிக்கன் ஏர்லைன்சு, ஐபிஎம் ஆகிய நிறுவனங்கள் இணைந்து உருவாக்கிய சேபர் என்னும் கணினி முன்பதிவு முறைமை 1960களில் செயற்பாட்டுக்கு வந்தது. 1978 இல் ஐக்கிய அமெரிக்கா வானூர்திக் கட்டணங்கள் மீதான அரசுக் கட்டுப்பாட்டை நீக்கச் சட்டம் இயற்றியது. போட்டி மிகுந்ததால், ஒரே இருக்கையை யாருக்கு எவ்விலையில் விற்பது என்பதைக் கணிக்கும் வருவாய் மேலாண்மை ஒரு தனித்துறையாக வளர்ந்தது. 1996 இல் டிராவலாசிட்டி, எக்சுபீடியா ஆகிய தளங்கள் முகவர்களின் கையிலிருந்த தேடலைப் பொதுமக்களிடம் கொண்டுவந்தன.

இந்தியாவில் 2003 இல் கேப்டன் ஜி. ஆர். கோபிநாத் தொடங்கிய ஏர் டெக்கான் மலிவுக் கட்டணச் சேவைக்கு முன்னோடியாகும். அது வரிகள் நீங்கலாக 1 ரூபாய்க்கும் சில இருக்கைகளை விற்றது. 2020 இல் வெளிவந்த சூரரைப் போற்று திரைப்படம் கோபிநாத்தின் வாழ்க்கையைத் தழுவியதாகும்.

கட்டண வகுப்புகள்

சிக்கன வகுப்பு இருக்கைகள் அனைத்தும் பார்வைக்கு ஒன்றே. ஆனால் முன்பதிவுக் கணினி அவற்றைப் பல கட்டண வகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஓர் ஆங்கில எழுத்தால் குறிக்கிறது. மலிவான வகுப்பில் சில இருக்கைகளே இருக்கும். அவை தீர்ந்ததும் அடுத்த வகுப்பின் விலை காட்டப்படும். எதிர்பார்த்த அளவு விற்பனை இல்லையெனில் மூடிய வகுப்பு மீண்டும் திறக்கப்படுவதும் உண்டு. ஒரே வழித்தடத்தைப் பலமுறை தேடினால் உலாவி நம்மை அடையாளங்கண்டு விலையை ஏற்றுகிறது என்று பரவலாகக் கூறப்படுகிறது. இது நிறுவப்பட்ட செய்தியன்று. வகுப்புகள் தீர்வதும், தேடற்தளங்கள் சேமித்து வைத்த பழைய விலையைக் காட்டுவதுமே பெரும்பாலான ஏற்ற இறக்கங்களை விளக்கப் போதுமானவை.

இதிலிருந்து ஒரு நடைமுறைப் பயன் கிடைக்கிறது. மலிவு வகுப்பில் 4,000 ரூபாய்க்கு ஓர் இருக்கை மட்டுமே எஞ்சியிருக்க, அடுத்த வகுப்பின் விலை 5,500 ரூபாய் எனக் கொள்வோம். இருவருக்கு ஒன்றாகத் தேடினால் பெரும்பாலான முறைமைகள் இருவருக்கும் 5,500 ரூபாய் வீதம் 11,000 ரூபாய் கேட்கும். தனித்தனியே வாங்கினால் 9,500 ரூபாய் போதும். எனினும் இரு பதிவுகளுக்கும் தொடர்பு இராது; பயண நேரம் மாற்றப்பட்டால் இருவரும் வெவ்வேறு வானூர்திகளில் ஏற நேரலாம். குழந்தைகளுடன் செல்வோர் இம்முறையைத் தவிர்ப்பதே நன்று.

தேடலும் இணைப்புப் பயணங்களும்

இரு நகரங்களுக்கிடையே சாத்தியமான வழிகளும் கட்டண விதிகளும் சேர்ந்தால் கணக்கு மிகப் பெரிதாகிவிடும். இதற்கான நிரலை, மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த கணினியியலாளர்கள் 1996 இல் தொடங்கிய ஐடிஏ மென்பொருள் நிறுவனம் எழுதியது. இன்று அருகிவிட்ட லிசுப் மொழியே அதற்குப் பயன்பட்டது என்பது நிரலாளர்களுக்குச் சுவையான செய்தி. 2011 இல் அந்நிறுவனத்தை கூகுள் வாங்கியது. அதே ஆண்டு கூகுள் பிளைட்சு வெளிவந்தது.

சில தளங்கள் இரு நிறுவனங்களின் தனிச்சீட்டுகளை ஒட்டி மலிவான ஒரே பயணமாகக் காட்டுகின்றன. முதல் வானூர்தி தாமதமானால் இரண்டாம் நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை. அச்சீட்டின் பணம் போய்விடும். இடைநிலையத்தில் பெட்டிகளைப் பெற்று மீண்டும் ஒப்படைக்க வேண்டும் என்பதால் அந்நாட்டு நுழைவிசைவும் தேவைப்படலாம். போக்குவரத்துச் சீட்டில் போகும் பயணத்தைத் தவறவிட்டால், திரும்பும் பயணமும் பொதுவாக நீக்கப்பட்டுவிடும்.

பதிவும் சீட்டும்

பதிவு வேறு, சீட்டு வேறு. பணம் செலுத்தியவுடன் முகவர் தளம் தரும் எண் அத்தளத்தின் உள்எண்ணாக மட்டும் இருக்கலாம். வானூர்தி நிறுவனத்தின் பதிவுக் குறியீடு ஆறு எழுத்துகளும் எண்களும் கொண்டது. அதனை நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இட்டுப் பார்த்தல் வேண்டும். மின்சீட்டு எண் 13 இலக்கங்கள் உடையது. முதல் மூன்றும் நிறுவனத்தைக் குறிக்கும் (ஏர் இந்தியா 098, சிறீலங்கன் 603). இவ்வெண் இல்லையெனில் இருக்கை பதிவாகியும் சீட்டு வழங்கப்படாதிருக்கலாம். மலிவுக் கட்டண நிறுவனங்கள் பல இவ்வெண்ணைப் பயன்படுத்துவதில்லை. அங்கு பதிவுக் குறியீடே போதுமானது.

பெயர்ச் சிக்கல்

முன்பதிவுப் படிவங்கள் குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கின்றன. தமிழர் பலருக்கு இருப்பதோ தலைப்பெழுத்தும் ஒரு பெயரும் மட்டுமே. கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடம் வெறுமையாக இருப்பின், சில நிறுவனங்கள் அதே பெயரை இருமுறை எழுதச் சொல்கின்றன. விதி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உடையவர்களைச் சுற்றுலா, வருகை நுழைவிசைவுகளில் அனுமதிப்பதில்லை என அறிவித்தது. பின்னர், கடவுச்சீட்டின் மற்றொரு பக்கத்தில் தந்தை பெயர் அல்லது குடும்பப் பெயர் இருந்தால் ஏற்கப்படும் எனத் தளர்த்தியது. மலிவுச் சீட்டுகளில் பெயர் திருத்தம் கட்டணத்துக்குரியதாகவோ இயலாததாகவோ இருக்கக்கூடும். ஆகவே பணம் செலுத்துமுன் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தல் வேண்டும்.

அமெரிக்காவுக்குச் செல்லும், அங்கிருந்து புறப்படும் பயணங்களுக்கு ஒரு சலுகை உண்டு. புறப்பாட்டுக்கு 7 நாட்களோ அதற்கு மேலோ இருக்கையில் வானூர்தி நிறுவனத்திடம் நேரடியாகப் பதிவு செய்தவர், 24 மணி நேரத்துக்குள் முழுப் பணத்துடன் அதனை நீக்கவோ, பணம் செலுத்தாமலே அவ்விலையில் நிறுத்திவைக்கவோ நிறுவனம் இடமளிக்க வேண்டும். முகவர் தளங்களை இவ்விதி கட்டுப்படுத்தாது.