கேமரன் மலைத் தொகுதியும் தோட்டத் தமிழர் வாக்கும்

திரிங்காப்பும் அதன் சுற்றுவட்டாரத் தேயிலைத் தோட்டங்களும் கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியைச் சேர்ந்தவை. 2004இல் முதன்முதலாகத் தேர்தல் கண்ட இத்தொகுதியில் ம.இ.கா.வின் எஸ்.கே. தேவமணி வென்றார். 2008இல் கட்சித் தலைவர் சாமிவேலுவே சுங்கை சிப்புட்டில் தோற்றபோதும், ம.இ.கா.வுக்குக் கிட்டிய மூன்று நாடாளுமன்ற இடங்களுள் இஃது ஒன்றாயிற்று. அதனால் இதனைத் தமிழர் தொகுதி என்றே பலர் கருதலாயினர்.

வாக்குக் கணக்கோ வேறு. இத்தொகுதியில் இரண்டு சட்டமன்ற இடங்கள் அடங்கும்: மலைமேல் தானா ராத்தா; கீழே, மலாய்க்காரரும் பூர்வகுடியினரும் மிகுந்த ஜெலாய். 2013, 2018 தேர்தல்களில் தானா ராத்தா ஜ.செ.க.வுக்கும் ஜெலாய் அம்னோவுக்கும் சென்றன. நாடாளுமன்ற இடத்தை ம.இ.கா.வுக்குக் காத்துத் தந்தவை ஜெலாயின் வாக்குகளே. பழனிவேல் 462 வாக்குகளிலும், சிவராஜ் 597 வாக்குகளிலும் வென்றனர். இருமுறையும் தோற்ற ஜ.செ.க.வின் மனோகரனும் தமிழரே. இத்துணைச் சிறிய வேறுபாட்டில், சில தோட்டக் குடியிருப்புகளின் வாக்கே முடிவை மாற்ற வல்லது.

2018ஆம் ஆண்டு வெற்றி செல்லாதெனத் தேர்தல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 ஜனவரி 26இல் நடந்த இடைத்தேர்தலில் தேசிய முன்னணியின் ரம்லி முகமட் நோர், மனோகரனை 3,238 வாக்குகளில் வென்று, மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பூர்வகுடியினர் ஆனார்.

தொகுதிப் பங்கீடு கட்சிகளின் உடன்பாடு. வாக்கு மக்களின் உடைமை. உறுப்பினர் எவ்வினத்தவராயினும், வீட்டுரிமை குறித்தும் தமிழ்ப்பள்ளி குறித்தும் அவரிடம் கணக்குக் கேட்கும் உரிமை தோட்டத் தமிழரிடமே உள்ளது.