வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர்: அழுத்தமானியைப் படிக்கும் முறை

நாட்பட்ட நுரையீரல் நோயால் பாதிக்கப்பட்டோருள் சிலருக்கு, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பின்னரும் ஆக்சிஜன் தேவைப்படுகிறது. "இந்தச் சிலிண்டர் விடியும் வரை வருமா?" என்பது அவர்களைப் பராமரிப்போர் அடிக்கடி எழுப்பும் வினா. பள்ளியில் படித்த எளிய இயற்பியலைக் கொண்டே இதற்கு விடை காணலாம்.

அழுத்தம் எதைக் காட்டுகிறது?

ஒரே வெப்பநிலையில் வாயுவின் அழுத்தத்தை இரு மடங்காக்கினால் அதன் கன அளவு பாதியாகச் சுருங்கும். இதனை ராபர்ட் பாயில் 1662-இல் வெளியிட்டார். வீடுகளில் பயன்படும் 'பி' வகைச் சிலிண்டரின் நீர்க் கொள்ளளவு சுமார் 10 லிட்டர். அதில் 150 பார் அழுத்தத்தில் அடைக்கப்பட்ட ஆக்சிஜன், வெளிவந்ததும் ஏறத்தாழ 1,500 லிட்டராக விரிகிறது. பயன்படுத்தப் பயன்படுத்த அழுத்தமும் சீராகக் குறையும். முள் 75-இல் நின்றால் பாதி வாயு எஞ்சியுள்ளது என்பது பொருள்.

சமையல் எரிவாயு உருளையைத் தூக்கிப் பார்த்து மதிப்பிடுவது நம் வழக்கம். அதில் எரிவாயு திரவமாக உள்ளதால் எடையில் வேறுபாடு தெரியும். ஆக்சிஜன் சிலிண்டரிலோ வாயு மட்டுமே உள்ளது. 1,500 லிட்டரின் எடை சுமார் 2 கிலோகிராம்தான். கனத்த எஃகு உருளையில் இவ்வேறுபாட்டைக் கையால் உணர இயலாது. அறுவை அரங்கில் பயன்படும் நைட்ரஸ் ஆக்சைடு இதற்கு நேர்மாறானது. அதுவும் உருளைக்குள் திரவமாகவே இருப்பதால், திரவம் தீரும் வரை அழுத்தம் பெரிதாக மாறாது. எனவே எடை பார்த்தே இருப்பை அறிகின்றனர். ஆக்சிஜனுக்கு அழுத்தமானியே நம்பத்தக்கது.

எவ்வளவு நேரம் வரும்?

கொள்ளளவை அழுத்தத்தால் பெருக்கி, நிமிடத்திற்குச் செலவாகும் லிட்டரால் வகுக்கவும்.

• முழுச் சிலிண்டர், நிமிடத்திற்கு 2 லிட்டர்: 10 × 150 ÷ 2 = 750 நிமிடங்கள், அதாவது 12 மணி 30 நிமிடம்.
• முள் 60-இல், நிமிடத்திற்கு 2 லிட்டர்: 10 × 60 ÷ 2 = 300 நிமிடங்கள், அதாவது 5 மணி நேரம்.

இரவு 10 மணிக்கு முள் 60-இல் இருந்தால், அதிகாலை 3 மணிக்கே சிலிண்டர் தீர்ந்துவிடும். ஆகவே உறங்கச் செல்லுமுன் கணக்கிட்டு, மாற்றுச் சிலிண்டரை ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். மானியில் 'பிஎஸ்ஐ' அலகு இருப்பின், அந்த எண்ணை 14.5 ஆல் வகுத்தால் பார் அளவு கிடைக்கும்.

வெயிலில் வைத்த சிலிண்டரின் அழுத்தம் கூடுதலாகத் தெரியும். வெப்பம் 27 பாகை செல்சியஸிலிருந்து 57 பாகைக்கு உயர்ந்தால் 150 என்பது 165 ஆகும். வாயுவின் அளவு சிறிதும் கூடுவதில்லை. சிலிண்டரை எப்போதும் நிழலில் வைக்கவும்.

ஓட்டமானி

அழுத்தமானி இருப்பைக் காட்டும். ஓட்டமானி செலவைக் காட்டும். மேலெழும் வாயுவின் விசையும் குண்டின் எடையும் சமநிலை அடையும் இடத்தில் குண்டு நிற்கிறது. எனவே குழாய் செங்குத்தாக இருத்தல் அவசியம். சாய்ந்தால் அளவு பிழைபடும். குண்டின் நடுப்பகுதியைக் கண்மட்டத்தில் வைத்துப் படிக்கவும்.

மருத்துவர் குறித்த அளவைத் தாமாக உயர்த்தக் கூடாது. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள சிலருக்கு, மிகுதியான ஆக்சிஜனால் இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேங்கக்கூடும்.

தீ விபத்தைத் தவிர்த்தல்

ஆக்சிஜன் தானே எரிவதில்லை. பிற பொருள்களை வேகமாக எரியச் செய்கிறது.

• அடுப்பு, குத்துவிளக்கு, ஊதுவத்தி ஆகியவை குறைந்தது 3 மீட்டர் தள்ளியே இருக்கட்டும். அவ்வீட்டில் எவரும் புகைபிடித்தல் கூடாது.
• வால்வு, ரெகுலேட்டர் ஆகியவற்றில் எண்ணெயோ கிரீஸோ படக் கூடாது. வால்வை மெதுவாகத் திறக்கவும். சட்டெனத் திறந்தால் வாயு திடீரென அழுத்தப்பட்டுச் சூடேறி, அங்குள்ள எண்ணெய்ப் பிசுக்கு தீப்பற்றலாம்.
• ஆக்சிஜன் ஆடையிலும் படுக்கையிலும் தங்கும். நிறுத்திய பின்னரும் குறைந்தது 20 நிமிடங்களுக்கு நெருப்பருகே செல்ல வேண்டாம்.
• சிலிண்டர் விழாதவாறு தாங்கியில் நிறுத்திக் கட்டி வைக்கவும்.

உடனடி உதவி தேவைப்படும் நிலைகள்

மூச்சுத்திணறல் அதிகரித்தல், உதடு நீலமாதல், வழக்கத்திற்கு மாறான தூக்கக் கலக்கம், குழப்பமான பேச்சு ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால் தாமதியாமல் 108 ஆம்புலன்ஸ் சேவையை அழைக்கவும்.