‘தானாக’ என்னும் சொல்: கணினி எழுத்தறிவு வரைவிலக்கணமும் பாலமுனையின் ஒரு வீடும்

வகுப்பறையில் தொழில்நுட்பம் ஏன் வேரூன்றவில்லை என்ற கேள்விக்கு நம் கல்வியியல் ஆய்வுகளில் ஒரு சாரார் கணினி எழுத்தறிவு வீதத்தையே விடையாகக் காட்டுகின்றனர். இலங்கைத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணக்கில் 2021இல் அது 34.3 சதவீதம். வீதம் குறைவு, ஆகவே ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் கணினிப் பயிற்சி கொடுங்கள் என்பதோடு வாதம் முடிகிறது. எண்ணில் எனக்கு ஐயமில்லை. அது எந்தக் கேள்விக்கு விடை என்பதில்தான் வேறுபடுகிறேன்.

வரைவிலக்கணத்தை நின்று வாசிக்க வேண்டும். 5 முதல் 69 வயது வரையுள்ள ஒருவர் கணினியைத் தானாகப் பயன்படுத்த முடிந்தால் அவர் கணினி எழுத்தறிவு உடையவர். ஐந்து வயதுப் பிள்ளை கணினியில் விளையாடத் தெரிந்திருந்தாலும் போதும் என்று திணைக்களமே உதாரணம் தருகிறது. மடிகணினி, டெப்லட், ஸ்மார்ட் போன் ஆகியவற்றையும் சேர்த்தால் அது டிஜிட்டல் எழுத்தறிவு. அதே 2021இல் 57.2 சதவீதம். கருவிப் பட்டியல் நீண்டதும் வீதம் 22.9 புள்ளிகள் கூடிவிட்டது. ஆனால் ‘தானாக’ என்ற நிபந்தனை இரண்டிலும் அப்படியே இருக்கிறது. நானறிய, கருவிகளை எண்ணிய ஆய்வுகள் இந்தச் சொல்லைக் கேள்வி கேட்கவில்லை.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாலமுனையில் எங்கள் வீட்டில் இருந்தது ஒரே போன். வேளாண்மை வெட்டுக்கு வாப்பாவோடு வயலுக்குப் போனால் மஃரிபுக்குத்தான் அது திரும்பும். வட்ஸ்அப்பில் டீச்சர் அனுப்பிய வொய்ஸை ராத்தா தேடியெடுப்பார். உம்மா கேட்டு, தம்பிக்கு விளங்கும் பேச்சில் திருப்பிச் சொல்வார். தம்பி கொப்பியில் எழுத, ராத்தா அதைப் படம்பிடித்து அனுப்புவார். ஒருநாள் பின்னக் கணக்கு அவனுக்குப் பிடிபடவேயில்லை. உம்மா ஒரு ரொட்டியை நான்காகவும் இன்னொன்றை எட்டாகவும் வெட்டி, நான்கில் ஒன்றும் எட்டில் இரண்டும் சமம் என்று கையில் வைத்துக் காட்டினார்.

டிஜிட்டல் எழுத்தறிவின் வரைவிலக்கணப்படி, போனில் விளையாடத் தெரிந்த தம்பி எழுத்தறிவு உடையவன். ராத்தா இல்லாமல் போனைத் திறக்கத் தெரியாத உம்மா அதற்கு வெளியே நிற்பவர். அன்று பாடம் நடத்தியவரோ உம்மா.

ஒரு வீட்டை வைத்து ஊரை அளக்க முடியாது என்பதை ஏற்கிறேன். ஆனால் நான் இங்கே வீதம் கணக்கிடவில்லை. ஒரு வரைவிலக்கணத்தில் ஓட்டை இருக்கிறதென்று காட்ட, அதற்குள் அடங்காத ஒரு நிகழ்வு போதும். பகிர்ந்து பயன்படுத்துவது வறுமையின் கட்டாயம், அதைப் புகழலாமா என்பார்கள். கருவி இல்லாதவருக்குக் கருவி கொடுக்கத்தான் வேண்டும். கொடுத்த பிறகும் கற்பித்தல் மிச்சமிருக்கும். பரீட்சை தனியாகத்தானே எழுதப்படுகிறது என்பது இதைவிட மெலிந்த மறுப்பு: பரீட்சை சில நாள், படிப்பு எல்லா நாளும்.

1999இல் டெல்லியின் கல்காஜியில் சுகதா மித்ரா சுவரில் பதித்த கணினியைச் சுற்றிப் பிள்ளைகள் கூட்டமாகவே கற்றார்கள். கூட்டத்தின் பலத்தை அந்தச் சோதனை காட்டியது. ஆனால், ரொட்டியை வெட்டிக் காட்டும் ஆளுக்கு அதில் இடம் வைக்கப்படவில்லை.

ஆகவே, பக்கத்து ஊரான அட்டாளைச்சேனையின் கல்விக் கல்லூரி உட்பட, ஆசிரியரை உருவாக்கும் இடங்களில் கேட்கவேண்டியது “உங்களுக்குக் கணினி தெரியுமா?” என்பதல்ல, “ஒரு கணினியைச் சுற்றி ஐந்து பிள்ளைகளை எப்படி உட்கார வைப்பீர்கள்?” என்பதே. நாளை ஆசிரியராகப் பாடக்குறிப்பு எழுதும்போது, சாதனங்களுக்கான இடத்தில் ‘மடிகணினி 1’ என்பதோடு நிறுத்தமாட்டேன். யார் இயக்குவது, யார் உரத்து வாசிப்பது, யார் எழுதுவது, விளங்காதவருக்கு யார் விளக்குவது என்பதையும் அதன் கீழே எழுதுவேன்.