நிகோடின் திறக்கும் வாயில்

பாடம்: அசிட்டைல்கோலின் அமரும் இடத்தில் நிகோடின் அமரும், வாயில் திறக்கும், கால்சியம் உட்புகும், செல் அதைப் பதிந்துகொள்ளும், வாயில் மரத்துப்போகும்.

மூளை செல்லில் நிகோடின் செய்வதெல்லாம் இதற்குள் அடங்கும். இனி உரை.

‘நிகோடின் அமரும்’: அமருமிடம், ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாய்க் கூடிய ஏற்பி; வாயிலும் அதுவே. இத்தகைய ஒன்று செல்லில் இருந்தாக வேண்டும் என்று 1905-இல் கேம்பிரிட்ஜின் ஜான் லாங்லி கண்டு சொன்னதே நிகோடினையும் குராரே என்ற நஞ்சையும் வைத்துத்தான். உடலே சுரக்கும் அசிட்டைல்கோலினை ஒரு நொதி மில்லிநொடிகளில் சிதைத்துவிடும். நிகோடினை அந்த நொதி தொடுவதில்லை. கல்லீரல்தான் அதை மாற்ற வேண்டும். ரத்தத்தில் அது பாதியாகக் குறையவே சுமார் 2 மணி நேரமாகும். கேடு இங்கேயே தொடங்கிவிடுகிறது.

‘வாயில் திறக்கும்’: வெளிப்படை.

‘கால்சியம் உட்புகும்’: பாடத்தின் உயிர் இந்தத் தொடரில். ஓய்ந்திருக்கும் நியூரானுக்குள் உள்ள கால்சிய அயனிகளின் செறிவு, வெளியே உள்ளதில் ஏறத்தாழ 10,000-இல் ஒரு பங்குதான். அத்தனை வறண்ட இடத்தில் சிறிது புகுந்தாலும் அது செய்தியாகிவிடும். ஆல்பா-7 வகை ஏற்பி கால்சியத்தை நேராகவே தாராளமாய் விடும். மற்ற வகைகளில் முதலில் சோடியம் புகும். சவ்வின் மின்னழுத்தம் மாறும். அதனால் கால்சியத்துக்கென்றே உள்ள வேறு வாயில்கள் திறக்கும். இவ்வாறு புகுந்த கால்சியம், செல்லுக்குள் சேமித்து வைத்த கால்சியத்தையும் அவிழ்த்துவிடும். புகும் இடமும் முக்கியம். நரம்பு முனையில் புகுந்தால் குளுட்டமேட் என்ற செய்திப்பொருள் கூடுதலாக வெளிப்படும் என்பதை 1996-இல் ஜான் டானி குழுவினர் மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதி நியூரான்களில் காட்டினார்கள்.

‘செல் அதைப் பதிந்துகொள்ளும்’: கால்சியம் நொதிகளை எழுப்பும், செய்தி உட்கருவை எட்டி, கிரெப் என்ற புரதத்தின் வழியே மரபணுக்களை இயக்கும். டோபமின் நியூரான்களுக்கு வரும் இணைப்புகள் வலுப்படும். நாம் எதையும் கற்கும்போது மூளை கையாளும் வழியும் இதுதான். ஆகவே, புகையை விட முடியாதவரை மனத்திடமற்றவர் என்று ஏசுவது அநியாயம் என்பேன். கற்கும் கருவியே அவருக்கு எதிராகத் திரும்பியிருக்கிறது.

‘மரத்துப்போகும்’: நிகோடின் விலகாமல் நிற்பதால் ஏற்பி செயலற்றுப்போகும். ஆல்பா-4 பீட்டா-2 வகை மரத்துப்போக, புகைப்பவரின் ரத்தத்தில் நாள் முழுதும் தங்கும் அளவே போதும். அவ்வகை ஏற்பிகள் எண்ணிக்கையிலும் பெருகும். இரவில் நிகோடின் வடிய, மரத்தவை மீளும். விடிந்ததும் எழும் தவிப்புக்கு இது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. 2006-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வரெனிக்ளின் மாத்திரை அதே இடத்தில் அமர்ந்து வாயிலை ஓரளவே திறக்கும். தவிப்பு தணியும், பிறகு இழுக்கும் புகையின் நிகோடினுக்கு அமர இடம் கிடைப்பதும் அரிதாகும்.