வித்தும் நிலமும்

வெற்றிலைத் தட்டம் இல்லாத திண்ணை வன்னியில் அரிது. ஆதலால் ஒருவருடைய முரசிலே கட்டியொன்று தோன்றிக் குருதி கசிந்தால், வெற்றிலையும் புகையிலையும் செய்த வினை என்று ஊர் உடனே தீர்ப்பளித்துவிடும். அத்தீர்ப்பு பெரும்பாலும் பிழையன்று. நம் நாட்டில் வாய்ப்புற்றுக்குத் தலையாய காரணங்கள் அவையே. எனினும் சிற்சில வேளைகளில் அக்கட்டி ஈரலிலே பிறந்து, முரசிலே வந்து குடியேறியதாகவும் இருக்கும். வாயிற் காணும் புற்றுகளுள் வேற்றுறுப்புகளிலிருந்து வந்தவை ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்றே. அவற்றுள்ளும் ஈரலிலிருந்து வருபவை சிலவே. ஆயினும் அந்தப் பயணத்தை மருத்துவ உலகம் அறிந்துகொண்ட வரலாறு நாம் கேட்கத்தக்கது.

1829 ஆம் ஆண்டில் ரெக்கமியே என்னும் பிரெஞ்சு மருத்துவர், புற்று ஓருறுப்பிலிருந்து மற்றோருறுப்புக்குப் பரவுவதை இடமாற்றம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லாற் குறித்தார். இடம்பெயர்தல் என்றால் என்னவென்று வன்னி மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் பெயர்ந்த புற்று ஏன் ஓரிடத்தில் வேரூன்றி வேறோரிடத்தில் மடிகின்றது? 1889 இல் இலண்டன் மாநகரச் சத்திரசிகிச்சை வல்லுநர் ஸ்டீபன் பஜெற், மார்புப் புற்றினால் இறந்த 735 பெண்களின் குறிப்புகளை ஆராய்ந்து விடை கூறினார்: வித்து எங்கும் சிந்தும், ஏற்ற நிலத்திலேதான் முளைக்கும். நம் கமக்காரர் அறிந்த உண்மையே இது.

வித்துச் செல்லும் வழி எது? ஈரலை விட்டு நீங்கும் குருதி இதயம் வழியாகச் சுவாசப்பையை அடைகின்றது. அங்குத் தங்காது தலைக்கு ஏறும் வழியொன்றை 1940 இல் அமெரிக்க உடற்கூற்றறிஞர் பாற்சன் விளக்கினார். முள்ளந்தண்டைச் சூழ்ந்த நாளங்களுக்குத் தடுப்பிதழ்கள் இல்லை. கதவில்லாத வாய்க்காலில் நீர் இருபுறமும் ஓடுவதுபோல, இருமும்போதும் முக்கும்போதும் அங்கே குருதி திசைமாறக்கூடும். அவ்வழியே வந்த வித்துக்கு, அழற்சியுற்றுக் குருதிக்குழாய் மலிந்த முரசு ஏற்ற நிலமாகின்றது என்பர். அக்கட்டி சாதாரண முரசு வீக்கம் போலவே தோன்றும். வெட்டினாற் குருதி பெருகும். ஈரல் நோயை முதன்முதல் அறிவிக்கும் தூதும் சிலருக்கு அதுவே.

ஈரலில் அவ்வித்து எவ்வாறு உண்டாகின்றது? 1960 இல் இங்கிலாந்தில் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. அவை உண்ட கச்சான் பிண்ணாக்கிலே பூஞ்சணம் விளைத்த நஞ்சு இருந்தது. அஃபிளாரொக்சின் எனப்படும் அந்நஞ்சு ஈரற்புற்றை உண்டாக்க வல்லது எனப் பின்னர் தெளிவாயிற்று. கச்சான் விளையும் நம் மண்ணில், பூஞ்சணம் பிடித்த பருப்பைப் பிள்ளைகள் உண்ணாது விலக்குதல் கடன்.

அதே பத்தாண்டில் புளும்பேர்க் என்னும் அமெரிக்க அறிஞர், அவுஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் குருதியிலே புதிய பொருளொன்றைக் கண்டார். அது ஈரலழற்சி பி வைரசின் புறத்தோல் எனப் பின்னர் புலனாயிற்று. அதிலிருந்து தடுப்பூசி பிறந்தது. 1976 இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. 1984 இல் தாய்வான் குழந்தைகளுக்கு அவ்வூசியை ஏற்றத் தொடங்கியது. ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளிடையே ஈரற்புற்று இலட்சத்துக்கு 0.70 ஆக இருந்தது, பத்தாண்டுக்குள் 0.36 ஆகக் குறைந்தது. புற்றுநோயொன்றை ஊசியினால் தடுக்கலாம் என உலகம் முதன்முதல் கண்டது அங்கேதான்.

இலங்கையில் 2003 முதல் அவ்வூசி குழந்தைகளுக்கு இடப்படுகின்றது. நம் நாட்டில் அவ்வைரசு அருகியே உள்ளது. மதுவும், நீரிழிவோடு கூடிய ஈரற்கொழுப்புமே இங்கு ஈரலைப் பெரிதும் கெடுப்பன.

ஆகவே, முரசிலே தோன்றிய கட்டி இரண்டு மூன்று கிழமைக்குள் ஆறாவிடின், வெற்றிலையைப் பழித்துவிட்டு வாளாவிருத்தல் ஆகாது. பல் வைத்தியரிடம் காட்டுங்கள். முன்னர் செங்கமாரி வந்ததுண்டா, உடல் மெலிந்ததா, மதுப்பழக்கம் உண்டா என்பவற்றையும் மறைக்காது சொல்லுங்கள். முளையைக் கண்டவர் வித்து வந்த நிலத்தையும் தேடவேண்டும். அத்தேடலுக்கு வைத்தியருக்கு வேண்டிய முதற் செய்தி நோயாளியின் வாயிலிருந்துதான் வரவேண்டும்.