காக்கைக் கால் ஸ்பானரும் ஒரு ‘கிளிக்’கும்

நட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்ற கேள்விக்கு எண்ணில் பதில் சொல்ல ஆரம்பித்து சுமார் நூறு வருஷம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் மெக்கானிக்கின் கை என்ன சொல்கிறதோ அதுதான் அளவு. அனுபவசாலியின் கை பெரும்பாலும் சரியாகவே சொல்லும். ஆனால் ஒரே பைப் மூட்டில் பத்துப் பன்னிரண்டு போல்ட் இருந்தால், அத்தனைக்கும் ஒரே மாதிரி சொல்லுமா?

இந்தச் சிக்கல் பெரிதாகத் தெரிந்த இடம் நியூயார்க் நகரத்தின் குடிநீர்த் துறை. தெருவுக்கு அடியில் ஓடும் குழாய்களின் மூட்டுகளில் போல்ட்டைக் குறைவாக முறுக்கினால் ஒழுகும், அதிகம் முறுக்கினால் போல்ட் அறுந்துவிடும். அங்கே வேலை பார்த்த கான்ராட் பார் என்பவர் 1918-ல் இதற்காக ஒரு கருவியை உருவாக்கினார் என்று சொல்லப்படுகிறது. காப்புரிமை விஷயத்தில் முந்திக்கொண்டவர் சிகாகோவைச் சேர்ந்த ஜான் ஷார்ப். அவர் 1931-ல் விண்ணப்பித்தார். பாரும் ஜார்ஜ் ஃபெஃபர்லேயும் சேர்ந்து 1935-ல் விண்ணப்பித்தது, அளவை மாற்றி வைத்துக்கொள்ளக்கூடிய டார்க் ரெஞ்ச். நாம் வைத்த அளவு வந்ததும் கைக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் இந்த வகைக் கருவியின் அடிப்படை. இன்று ஒர்க்‌ஷாப்களில் கேட்கும் ‘கிளிக்’ சத்தம் அந்த வழியில் வந்ததுதான்.

டார்க் ரெஞ்சின் முனையில் சாக்கெட் மாட்டினால் அது நட்டின் தலைக்கு நேராக இறங்க வேண்டும். நட்டுக்கு நடுவே குழாய் ஓடினால் என்ன செய்வது? விமானத்தின் ஹைட்ராலிக் குழாய் இணைப்புகள் எல்லாம் இப்படித்தான். சாக்கெட் உள்ளேயே போகாது. அதற்காக வந்ததுதான் குரோஃபுட், அதாவது காக்கைக் கால். ஓப்பன் ஸ்பானரின் வாயை மட்டும் வெட்டி எடுத்து, கைப்பிடிக்குப் பதிலாக ரெஞ்ச் மாட்ட ஒரு சதுர ஓட்டை போட்ட மாதிரி இருக்கும். பக்கவாட்டில் நுழைந்து நட்டைப் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் காக்கைக் கால் மாட்டியதும் நெம்புகோலின் நீளம் மாறிவிடுகிறது. ரெஞ்ச் தன் முனையில் இருக்கும் விசையைத்தான் அளக்கும். நட்டோ அந்த முனையிலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கிறது.

கணக்கு போட்டுப் பார்ப்போம். கைப்பிடியில் நாம் பிடிக்கும் இடத்திலிருந்து ரெஞ்சின் முனை வரை 400 மி.மீ., அங்கிருந்து நட்டின் மையம் வரை 50 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். நட்டுக்குத் தேவை 90 நியூட்டன் மீட்டர். 90-ஐ 400-ஆல் பெருக்கி 450-ஆல் வகுத்தால் 80 வரும். ரெஞ்சில் வைக்க வேண்டியது இந்த 80. மறந்துபோய் 90-லேயே வைத்தால் நட்டுக்கு 101-க்கும் மேல் போய்விடும். அமெரிக்க விமானத்துறையின் எஃப்.ஏ.ஏ. வெளியிட்ட ஏ.சி. 43.13-1பி கையேட்டில் இந்தக் கணக்கைப் படத்தோடு போட்டிருக்கிறார்கள். காக்கைக் காலைக் கைப்பிடிக்குச் செங்குத்தாக, 90 டிகிரியில் மாட்டினால் இந்தத் திருத்தமே வேண்டாம். இடம் இருந்தால் மெக்கானிக்குகள் அப்படி மாட்டுவது அதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. வெறும் கிளிக் ரெஞ்சில் கையைக் கொஞ்சம் முன்னே பின்னே பிடித்தாலும் பெரிதாகப் பாதிப்பு இல்லை. நேராக நீட்டி மாட்டிய காக்கைக் காலில் அது பாதிக்கும். மேலே சொன்ன 80-லேயே வைத்து, கையை 300 மி.மீ.க்கு நகர்த்திப் பிடித்தால் நட்டுக்குப் போவது சுமார் 93. எண்ணைக் கொண்டுவந்ததே கையை நம்பாமல் இருப்பதற்காக. எட்டாத இடத்தில் அந்த எண் மறுபடியும் கையை நம்ப ஆரம்பித்துவிடுகிறது.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1990 ஜூன் 10 ஒரு சாட்சி. அங்கே கருவி காக்கைக் கால் அல்ல, அளவு வந்ததும் நழுவும் ஸ்க்ரூ டிரைவர். ஆனால் எட்டாத இடம் என்ற பிரச்சினை அதேதான். பர்மிங்காமிலிருந்து மலாகாவுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானம் சுமார் 17,300 அடி உயரத்தில் இருந்தபோது, விமானியின் முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு பறந்தது. விமானி இடுப்பு வரை வெளியே இழுக்கப்பட்டார். ஊழியர்கள் அவர் கால்களைப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி சவுதாம்ப்டனில் இறக்கினார். விமானத்திலிருந்த 87 பேரும் பிழைத்தார்கள்.

அந்தக் கண்ணாடியை முந்தைய நாள் அதிகாலையில்தான் மாட்டியிருந்தார்கள். 90 போல்ட்டுகளில் 84 விட்டத்தில் 0.026 அங்குலம் சிறியவை. மீதி 6 நீளத்தில் 0.1 அங்குலம் குறைவு. சிறிய போல்ட்டை முறுக்கும்போதே தெரிந்திருக்க வேண்டாமா? சரியான போல்ட்டுக்கும் தவறான போல்ட்டுக்கும் அங்குலத்துக்கு 32 மரை என்ற ஒரே கணக்கு. அதனால் சிறிய போல்ட்டும் உள்ளே ஏறியது, ஒரு கட்டத்தில் மரை நழுவியது. கருவி அளவு வந்து நழுவுவதும், போல்ட் மரையில் நழுவுவதும் கைக்கு ஒரே மாதிரி இருந்தன. கண்ணால் பார்த்திருந்தால், போல்ட்டின் தலை அதற்கான பள்ளத்தில் சரியாக நிரம்பாதது தெரிந்திருக்கும். ஆனால் அவர் விமானத்தின் மூக்கின் மேல் எட்டிச் சாய்ந்து, இரண்டு கையாலும் கருவியைப் பிடித்திருந்தார். கையே பார்வையை மறைத்துவிட்டது.

1992-ல் வந்த பிரிட்டிஷ் விசாரணை அறிக்கை இன்னொன்றையும் சொல்கிறது. அந்தக் கண்ணாடி ‘உயிர்நிலை’ இடங்களின் பட்டியலில் இல்லை. ஆகவே இரண்டாவது ஆள் வந்து பரிசோதிக்க வேண்டும் என்ற விதி அதற்குப் பொருந்தவில்லை. முறுக்கியவர் உணர்ந்த கிளிக்தான் முதல் பரிசோதனை, அதுவே கடைசியும்.

பொதுவாகச் சொல்லும் கணக்குப்படி, நாம் முறுக்கும் விசையில் சுமார் 10% மட்டுமே போல்ட்டை இழுத்துப் பிடிக்க உதவுகிறது. மீதி தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்விலேயே போய்விடும். டார்க் ரெஞ்ச் இதைப் பிரித்துப் பார்க்காது. முறுக்க எவ்வளவு சிரமப்பட்டோம் என்பதைத்தான் கிளிக் சொல்கிறது. உள்ளே இருப்பது சரியான போல்ட்தானா என்பதை யாராவது எட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.