பாட்டால் தலைநிமிர்ந்த பால் ராப்சன்

கற்றவர் பலர், கற்ற கல்வியைத் தம் இனத்தின் மானத்துக்குக் காவலாக்கியவர் சிலர். அச்சிலருள் ஒருவர், இசை, நாடகம், திரைப்படம், வானொலி ஆகிய துறைகளில் புகழ் நாட்டிய அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் பால் ராப்சன். அவர் வரலாற்றை நம் இளைஞர் முன் வைப்பது கடமையெனக் கருதுகிறோம்.

ராப்சன் 1898ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் நியூ ஜெர்சி மாநிலத்துப் பிரின்ஸ்டன் நகரில் பிறந்தார். தந்தையார் அடிமையாய்ப் பிறந்து, 15ஆம் வயதில் தப்பியோடி, பின்னர் கற்றுத் தேறிச் சமயகுருவானவர். மகன் உதவித்தொகை பெற்று ரட்கர்ஸ் கல்லூரியில் பயின்றார். 1923இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் பெற்றார். ஆயினும் அவர் சேர்ந்த வழக்கறிஞர் அலுவலகத்தில், கறுப்பர் சொல்வதை எழுத இயலாதென வெள்ளையரான சுருக்கெழுத்தர் மறுத்தார். பட்டம் பெற்றும் விலகாத இழிவு அது! ராப்சன் அத்தொழிலைத் துறந்து கலைத்துறை புகுந்தார்.

1925இல் நியூயார்க்கில், லாரன்ஸ் பிரவுன் பியானோ வாசிக்க, கறுப்பின மக்களின் பாடல்களை மட்டுமே கொண்ட இசை நிகழ்ச்சியை நடத்தினார். அடிமைகள் துயரம் ஆற்றப் பாடிய பாடல்கள் அரங்கேறின. வயலிலும் சாவு வீட்டிலும் நம் பாட்டிமார் பாடிய பாட்டுகளைப் பாட நம் மாணவர் நாணுவதைக் கண்டிருக்கிறோம். ராப்சன் நாணவில்லை, அப்பாடல்களே அவரை உலகறியச் செய்தன.

திரைப்படம் அவருக்குப் பாடம் புகட்டியது. 1935இல் வெளிவந்த 'சாண்டர்ஸ் ஆஃப் தி ரிவர்' படம் ஆப்பிரிக்கரின் பெருமையைக் காட்டும் என நம்பி நடித்தார். முடிந்த படமோ வெள்ளையர் ஆட்சியைப் போற்றிற்று. அவர் அதற்காக வருந்தினார். 1936இல் நடித்த 'சாங் ஆஃப் ஃபிரீடம்' படத்தின் இறுதி வடிவத்தை ஏற்கும் உரிமையைக் கேட்டுப் பெற்றார். வேல்ஸ் நாட்டு நிலக்கரித் தொழிலாளரைப் பற்றிய 'தி பிரௌட் வேலி' படம், திரைக்கு வருமுன்பே 1940 பிப்ரவரி 25 அன்று பி.பி.சி. வானொலியில் ஒலி வடிவில் ஒலிபரப்பாயிற்று. அமெரிக்காவிலும் 1939 நவம்பரில் சி.பி.எஸ். வானொலியில் 'பேலட் ஃபார் அமெரிக்கன்ஸ்' பாடிப் பெரும்புகழ் பெற்றிருந்தார்.

ஆனால் நிறவெறியையும் காலனி ஆட்சியையும் கண்டித்துப் பேசியதும், சோவியத் நாட்டைப் பாராட்டியதும் அரசின் சினத்தைக் கிளறின. 1950இல் அவரது கடவுச்சீட்டு பறிக்கப்பட்டது. அவ்வாண்டே அவர் தோன்றவிருந்த தொலைக்காட்சி நிகழ்ச்சியும் தடுக்கப்பட்டது. அரங்குகள் பல கதவடைத்தன; வருவாய் அருகியது.

உடலைத் தடுத்தனர், குரலைத் தடுக்க முடிந்ததா? 1957 அக்டோபரில், வேல்ஸ் நாட்டுப் போர்த்கால் நகரில் சுரங்கத் தொழிலாளர் விழாவுக்குத் திரண்டிருந்தனர். ராப்சன் நியூயார்க்கில் இருந்தபடியே பாட, அட்லாண்டிக் கடலடித் தொலைபேசிக் கம்பி வழியே அக்குரல் விழா மண்டபத்தை நிறைத்தது. தொழிலாளரும் பதிலுக்குப் பாடினர். 1958இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்றின் பயனாகக் கடவுச்சீட்டு திரும்பக் கிடைத்தது. 1976 சனவரி 23 அன்று அவர் மறைந்தார்.

இளைஞர்களே! கலைத்துறையில் இடம் கிடைப்பது மட்டும் வெற்றியன்று. அவ்விடத்தில் யாருடைய கதையை, யார் விருப்பப்படி சொல்கிறோம் என வினவும் துணிவு வேண்டும். அத்துணிவைத் தருவது கல்வி. நன்கு கற்போம், நம் பாட்டை நாமே பாடுவோம்.